தோத்த படமும் மோசமான படமும்

போன கார் சாகுபடி நேரம். கன்னடியன் கால்வாய்ல எங்க மடைக்கு முறைத் தண்ணி வர ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஆகும்னு சொல்லிட்டாங்க. நாலு பேரு வரப்பு ஓரத்துல பாயை விரிச்சு உக்காந்திருந்தோம். பத்தமடைக்காரன் வயலுக்குப் போனாலும் பாயோடதான் போவான், அது ஊரறிஞ்ச விஷயம். தண்ணி வர்ற வரைக்கும் என்ன பேசுறது? உர விலை பேசுனா வயிறு எரியும். அரசியல் பேசுனா கைகலப்பு ஆயிடும். மிச்சம் இருக்கது சினிமாதான்.

"அண்ணாச்சி, நீங்க பாத்ததுலயே ரொம்ப மோசமான படம் எது?"ன்னு ஒரு தம்பி ஆரம்பிச்சு வச்சான். அதுக்கு ரெண்டு விதியும் போட்டான். காசு கொடுத்துப் பாத்திருக்கணும், பாதியில எந்திரிச்சுப் போயிரலாமான்னு தோணியிருக்கணும். ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒருத்தர் 'பாபா'ன்னாரு. பக்கத்துல இருந்த எங்க மச்சான் பழைய ரஜினி ரசிகர். அவரு முகம் இருட்டுலயும் கறுத்தது எனக்குத் தெரிஞ்சுது. நான் ரெண்டு பேரு சொன்னேன். அத இங்க எழுதல, எடுத்தவங்களும் பாவம் பொழைக்கணும்.

கடைசியா எங்க மாமா வாயைத் தொறந்தாரு. வயசு எழுபதைத் தாண்டியாச்சு. "கப்பலோட்டிய தமிழன்"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு.

"மாமா, அது தோத்த படம். மோசமான படம்னு எப்படிச் சொல்லுதீங்க?"

"ஏ மருமவனே, வெளையாத வயல நல்ல வயல்னு சொல்லுவியாக்கும்? ஓடலைன்னா மோசம்தான். வேற என்ன கணக்கு இருக்கு?"

நான் பதில் சொல்லுறதுக்குள்ள தண்ணி வந்துட்டு. மம்பட்டியை எடுத்துட்டு ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம். ஆனா அந்தக் கேள்வி என்னைய விடல. வெவசாயிகிட்ட வெவசாயி கேட்ட கேள்வி இல்லையா? அதுக்குப் பதிலா, தோத்த படங்களோட, தோத்த நடிகர்களோட சரித்திரத்தைக் கொஞ்சம் இங்க எழுதிப் பாக்குறேன்.

மொதல்ல உலகத்துலயே மோசம்னு பேரெடுத்த ஒரு படத்தைப் பாத்துருவோம். அமெரிக்காவுல எட் வுட்னு ஒரு இயக்குநர், 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'னு ஒரு படம் எடுத்தாரு. வேற கிரகத்துக்காரங்க வந்து செத்தவங்களை எழுப்பி விடுற கதை. 1950-கள்ல எடுத்தது. 1980-ல மெட்வெட் சகோதரர்கள் போட்ட ஒரு புத்தகத்துல, எல்லாக் காலத்துக்கும் மோசமான படம் இதுதான்னு பட்டம் கட்டிட்டாங்க. பறக்கும் தட்டு நூல்ல ஆடுறது தெரியும். ஒரே காட்சியில பகலு, ராத்திரி ரெண்டும் மாறி மாறி வரும்.

அந்தப் படத்துல ஒரு நடிகரோட கதை ஒளிஞ்சு கிடக்கு. பேலா லுகோசி. ஹங்கேரியில பொறந்தவரு. 1931-ல 'டிராகுலா' படத்துல நடிச்சு உலகத்தையே பயங்காட்டுனாரு. இன்னைக்கும் டிராகுலான்னா கறுப்பு அங்கி போட்ட அவரு உருவம்தான் ஞாபகம் வரும். அதுக்கப்புறம் வேற மாதிரி வேஷம் அவருக்கு அதிகமா வரல. பேய்ப் படம், அதுலயும் சின்னப் பேய்ப் படம்னு இறங்கிக்கிட்டே வந்தாரு. 1956-ல இறந்துட்டாரு. சாகுறதுக்கு முன்ன எட் வுட் அவரை வச்சு எடுத்த கொஞ்ச நிமிஷப் படச்சுருள் மட்டும் மிச்சம் இருந்துச்சு. அதைத்தான் 'பிளான் 9'ல ஒட்டி, பாக்கிக் காட்சிக்கு வேற ஒரு ஆளை அங்கியால முகத்தை மூடிக்கிட்டு நடக்க வச்சாங்க. வேடிக்கை என்னன்னா, 1994-ல எட் வுட் வாழ்க்கையையே டிம் பர்ட்டன் படமா எடுத்தாரு. அதுல லுகோசியா நடிச்ச மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கார் கிடைச்சுது. தோத்துப்போன நடிகனா நடிச்சவருக்கு விருது! வாழ்ந்த மனுசனுக்கு ஒண்ணும் இல்ல.

இதே மாதிரி ஒரு இறக்கம் நம்மகிட்டயும் உண்டு. எம்.கே. தியாகராஜ பாகவதர். எங்க தாத்தா காலத்து ஆளுங்க பாகவதர் பேரைச் சொன்னாலே குரலை ஒரு மாதிரி மாத்திக்குவாங்க. 1934-ல 'பவளக்கொடி'. 1937-ல 'சிந்தாமணி', 'அம்பிகாபதி'. 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்துச்சு. மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்த படம். அவருக்குப் பாட்டு எழுதி மெட்டமைச்ச பாபநாசம் சிவனை நம்ம பாவநாசத்துக்காரர்னு இங்க நெறையப் பேரு நெனச்சிக்கிட்டு இருக்கோம். அது தஞ்சாவூர் பக்கத்துப் பாபநாசம், நம்ம அணைக்கட்டு இல்ல.

ஹரிதாஸ் வந்து ஒரு மாசம்கூட ஆகல. நவம்பர்ல லட்சுமிகாந்தன்ங்கிற பத்திரிகைக்காரரை மெட்ராஸ்ல குத்திட்டாங்க, அவரு மறுநாள் இறந்துட்டாரு. அந்தக் கொலை வழக்குல பாகவதரையும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் பிடிச்சாங்க. 1945-ல ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி, திரும்பி வந்து, 1947 ஏப்ரல்ல ரெண்டு பேரும் குத்தமில்லன்னு வெளிய வந்தாங்க.

இதுக்கப்புறம் நடந்ததைத்தான் கவனிச்சுப் பாக்கணும். ஒரே வழக்கு, ஒரே ஜெயிலு, ஒரே நாள் விடுதலை. ஆனா ரெண்டு பேரு பாதையும் ரெண்டு தெசைக்குப் போச்சு. பாகவதர் சொந்தக் கம்பெனியில 'ராஜமுக்தி' எடுத்தாரு, 1948-ல வந்துச்சு, படுத்துட்டு. அப்புறம் 'அமரகவி', 'சியாமளா', 'புது வாழ்வு'. முன்ன மாதிரி ஒண்ணும் நிக்கல. 1959 நவம்பர் 1-ஆம் தேதி இறந்துட்டாரு. அம்பதே வயசு ஆகல. கடைசிப் படம் 'சிவகாமி' அவரு போன பெறகுதான் வந்துச்சு. நம்ம நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான கலைவாணரோ, 1949-லயே அண்ணாத்துரை எழுதின 'நல்லதம்பி'யில நடிச்சாரு. 'மணமகள்' எடுத்தாரு. 1952-ல சிவாஜியை வச்சு 'பணம்' இயக்குனாரு. ஜெயிலுக்குப் போயிட்டு வந்ததால ஜனங்க பாகவதரை ஒதுக்கிட்டாங்கன்னு சொல்லுறவங்க உண்டு. அப்படின்னா கலைவாணரையும்ல ஒதுக்கியிருக்கணும்?

எனக்குத் தெரிஞ்ச காரணம் வேற. பாகவதர் உள்ள போகும்போது தமிழ்ப் படம்னா பாட்டு. வெளிய வந்து கொஞ்ச நாள்ல தமிழ்ப் படம்னா வசனம். 1949-ல 'வேலைக்காரி', 1952-ல 'பராசக்தி'. ராஜா வேஷம் போட்டு அம்பது பாட்டு பாடுன காலம் போயி, நீதிமன்றத்துல நின்னு நியாயம் கேக்குற காலம் வந்துட்டு. பின்னணிப் பாட்டுன்னு ஒண்ணு நெலைச்சதும், பாடத் தெரிஞ்சவன்தான் நடிகன்ங்கிற கட்டாயமும் போச்சு. கலைவாணருக்குப் பேச்சுதான் சொத்து, அது புதுக் காலத்துக்கும் ஒத்து வந்துச்சு. பாகவதர் குரல் அதே குரல்தான். கேக்குற காதுதான் மாறிட்டு. வெதை மேல குத்தம் இல்ல, பருவம் தவறிப் போச்சு.

பாட்டு வேணுங்கிற காதும் சும்மா இருக்கல. 1954-ல ஏ.வி.எம். 'அந்த நாள்'னு ஒரு படம் எடுத்துச்சு. எஸ். பாலச்சந்தர் இயக்கம், சிவாஜி நாயகன். ஒரு பாட்டு கெடயாது. ஜனங்க ஏத்துக்கல. இன்னைக்குத் தமிழ்ல வந்த நல்ல படம்னு யாரு பட்டியல் போட்டாலும் அதுல 'அந்த நாள்' இருக்கும். மாமா கணக்குப்படி அதுவும் மோசமான படம்தான்.

இப்ப நம்ம மாவட்டத்துக்கு வருவோம். பி.ஆர். பந்துலு கன்னடத்துக்காரர். ஆனா திருநெல்வேலிச் சீமைக் கதையை அவரை மாதிரி பெருசா எடுத்தவங்க யாரும் இல்ல. 1959-ல 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. கலர்ப் படம். கெய்ரோவுல நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவுல சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது, ஜி. ராமநாதனுக்கு இசைக்கு விருது. கட்டபொம்மனைத் தூக்குல போட்ட கயத்தாறுல இன்னைக்கு நிக்கிற செலையை வச்சது சிவாஜிதான். படம் அந்த அளவு ஓடிச்சு, அந்த அளவு மனசுல நின்னுச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1961-ல அதே பந்துலு, அதே சிவாஜி, அதே ஜி. ராமநாதன். கதையும் அதே சீமை. ம.பொ.சி. எழுதின புத்தகத்தை வச்சு 'கப்பலோட்டிய தமிழன்'. சிவாஜி வ.உ.சி.யா, செங்கோட்டைக்காரரான எஸ்.வி. சுப்பையா பாரதியாரா, டி.கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவா நடிச்சாங்க. பாரதியார் பாட்டுகளுக்கு மெட்டு. கூட ஜெமினி கணேசன், சாவித்திரி. அந்த வருஷத் தமிழ்ப் படங்கள்ல சிறந்ததுன்னு தேசிய விருதும் கெடச்சுது. ஆனா போட்ட காசு வரல.

சிவாஜிக்கு மார்க்கெட்டு இல்லாத வருஷமோன்னா, அதுவும் இல்ல. அதே 1961-ல 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூணும் வந்து மூணும் ஓடோ ஓடுன்னு ஓடிச்சு. மூணும் பீம்சிங் இயக்குனது. ஒரே வருஷத்துல, ஒரே நடிகர், மூணு வெள்ளாமை அமோகம், நாலாவது சாவி. நடிகனோட ஏத்த எறக்கம்னு நாம பேசுறோமே, அது வருஷக் கணக்குல கூட இல்ல, மாசக் கணக்குல நடக்குது.

ஏன் தோத்துச்சு? சோகக் கதைன்னு சொல்லுவாங்க. பாசமலர் மட்டும் என்ன சிரிப்புப் படமா? எங்க தாத்தா அதை டவுன்ல போயிப் பாத்துட்டு, துண்டு நனைஞ்சு திரும்பி வந்ததை எங்க ஆச்சி சொல்லிச் சிரிப்பா. கட்டபொம்மன் கதையும் தோல்விதான், கடைசியில தூக்கு. கலர் இல்லங்கிறது ஒரு காரணம். வசன வீச்சு கம்மிங்கிறது ஒரு காரணம். ஆனா எனக்கு அதுக்கும் மேல ஒண்ணு தோணுது. அதைச் சொல்லணும்னா வ.உ.சி. கதையைக் கொஞ்சம் திரும்பிப் பாக்கணும்.

ஒட்டப்பிடாரத்துல 1872-ல பொறந்தவரு. வக்கீல். 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சாரு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல வெள்ளக்காரன் கம்பெனிக்குப் போட்டியா கப்பல் விட்டாரு. அவன் டிக்கெட் விலையைக் கொறச்சுக் கொறச்சு நசுக்கப் பாத்தான். 1908-ல தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தத்துக்கும் முன்னால நின்னாரு. மார்ச் 12-ஆம் தேதி கைது. மறுநாள் திருநெல்வேலியில ஜனங்க கடையை அடைச்சு, தெருவுல இறங்கிட்டாங்க. நகராட்சி ஆபீசுக்குத் தீ வச்சாங்க. போலீசு சுட்டதுல நாலு பேரு செத்தாங்க. ஒரு மனுசனைப் பிடிச்சதுக்காக ஒரு ஊரே எரிஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, நம்ம ஆத்துத் தண்ணியைக் குடிச்ச ஜனங்கதான் அவங்க.

வ.உ.சி.க்கு ரெட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டுல கொறஞ்சுது. கோயம்புத்தூர் ஜெயில்ல மாட்டுக்குப் பதிலா செக்கு இழுத்தாரு. அவரு உள்ள இருக்கும்போதே கப்பல் கம்பெனி மூடியாச்சு. 1912 டிசம்பர்ல வெளிய வந்தாரு. 1908-ல எரிஞ்ச ஊரு எங்க போச்சு? வாசல்ல கூட்டம் இல்ல. விரல் விட்டு எண்ணுற ஆளுங்கதான். வக்கீல் சன்னதும் போச்சு. சென்னையில சின்னச் சின்ன வியாபாரம் பாத்தாரு. வாலஸ்ங்கிற வெள்ளக்கார நீதிபதி உதவி செஞ்சுதான் சன்னது திரும்பக் கெடச்சுது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன்னு பேரு வச்சாரு. தமிழ் இலக்கணம், பதிப்பு, மொழிபெயர்ப்புன்னு எழுதிக்கிட்டே கிடந்தாரு. 1936 நவம்பர் 18-ல தூத்துக்குடியில கடனும் கஷ்டமுமா இறந்தாரு.

இப்ப ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கட்டபொம்மன் படத்துல பழியைப் போட வெள்ளக்காரன் இருக்கான், காட்டிக் கொடுக்க எட்டப்பன் இருக்கான். தியேட்டர்ல இருக்குற நாம கட்டபொம்மன் பக்கம். பாசமலர்ல அழுதா அது அண்ணன் தங்கச்சிக்காக அழுத அழுகை. கண்ணைத் தொடச்சுட்டு வந்து தூங்கிரலாம். கப்பலோட்டிய தமிழன்ல அந்த வசதி கெடயாது. செக்கு இழுக்க வச்சது வெள்ளக்காரன், சரி. அதுக்கப்புறம் இருபத்துநாலு வருஷம் அந்த மனுசனை மறந்தது யாரு? அதுக்கு எட்டப்பன் யாரையும் காட்ட முடியாது. காசு கொடுத்து உள்ள போயி, குத்தவாளிக் கூண்டுல உக்கார எவனுக்குப் பிடிக்கும்?

இதை நான் புத்தகம் படிச்சுச் சொல்லல. எங்க வீட்டுல பாத்ததைச் சொல்லுதேன். பாசமலருக்குப் பஸ் ஏறிப் போன எங்க தாத்தா, கப்பலோட்டிய தமிழனுக்குப் போகல. ஏன் தாத்தான்னு கேட்டதுக்கு, "அதான் நமக்குத் தெரிஞ்ச கதைதானல, அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?"ன்னாரு. ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு நாளு எங்க தெருவுல டிவி இருந்த ஒரே வீட்டுல அந்தப் படம் ஓடிச்சு. தெருவே பாயைத் தூக்கிட்டுப் போயி உக்காந்துட்டு. தாத்தாவும் வந்தாரு. செக்கு இழுக்குற காட்சி வந்துச்சு. சிவாஜி தோள்ல செக்கு மரம். ஒரு சத்தம் இல்ல வீட்டுல. திரும்பிப் பாத்தா தாத்தாவைக் காணல. வெளிய திண்ணையில உக்காந்திருந்தாரு. "மாட்டுக்கு வைக்கோல் போட்டியால?"ன்னு கேட்டாரு. நான் போட்டாச்சுன்னேன். அதுக்கப்புறமும் அவரு உள்ள வரல.

பந்துலு அதோட விடல. 1964 பொங்கலுக்கு 'கர்ணன்' எடுத்தாரு. தண்ணியாச் செலவழிச்ச படம், செலவுக்கு ஏத்த வரவு இல்ல. அடுத்த வருஷம் எம்.ஜி.ஆர். பக்கம் போயி 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்து ஜெயிச்சாரு. 1974-ல இறந்தாரு. அந்தக் கர்ணனை 2012-ல டிஜிட்டல்ல மெருகேத்தி மறுபடி விட்டாங்க. புதுப் படங்களுக்கு நடுவுல நூறு நாளைத் தாண்டி ஓடிச்சு. படத்துல ஒரு காட்சி கூட மாத்தல. பாத்த கண்ணுதான் வேற. நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு வெளஞ்ச வெள்ளாமை. அதைப் பாக்க எடுத்தவரும் இல்ல, நடிச்சவரும் இல்ல.

சரி, பழைய கதை போதும். நம்ம காலத்து நடிகர் ஒருத்தரைச் சொல்லாம விட்டா எங்க ஊரு பயலுவ என்னைய விட மாட்டானுவ. ராமராஜன். மேலூர்க்காரர். ராம நாராயணன்கிட்ட உதவி இயக்குநரா இருந்து, 1985-ல 'மண்ணுக்கேத்த பொண்ணு' இயக்குனாரு. 1986-ல 'நம்ம ஊரு நல்ல ஊரு' படத்துல நாயகன். 1987-ல 'எங்க ஊரு பாட்டுக்காரன்'. 1989-ல கங்கை அமரன் இயக்கத்துல 'கரகாட்டக்காரன்'. மதுரையில ஒரு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. ரஜினி, கமல் படம் விக்கிற வெலைக்கு ராமராஜன் படமும் வித்த காலம் ஒண்ணு இருந்துச்சு.

அவரு மாட்டுகிட்ட பாடிப் பால் கறக்குறதை வச்சு எவ்வளவு கேலி! நான் ஒரு நாளு எங்க வீட்டுப் பசுகிட்ட நெசமாவே பாடிப் பாத்தேன். ஒரு சொட்டு கூடல, ஒதைதான் கெடச்சுது. ஆனா ஒண்ணு சொல்லணும். அதுக்கு முன்னால படத்துல வெவசாயின்னா ஒண்ணு பண்ணையாரு, இல்லன்னா பண்ணையாருகிட்ட அடி வாங்குறவன். மாட்டோட பேசிக்கிட்டு, கலர்ச் சட்டை போட்டுக்கிட்டு, சந்தோசமா இருக்குற ஒரு சம்சாரியைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கு அவருதான் காட்டுனாரு. ராமராஜன் படம் எங்க பக்கத்துக் கொட்டகைக்கு வந்தா பொம்பளைங்க நாத்து நட்டுட்டு, காலைக் கழுவிட்டு நேரா வந்துருவாங்க.

தொண்ணூறுகள்ல காத்து மாறிட்டு. பம்பாயி, காஷ்மீருன்னு கதை போச்சு. வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்துச்சு. கொட்டகை ஒவ்வொண்ணா கல்யாண மண்டபமாவும் குடோனாவும் ஆச்சு. ராமராஜனோட கூட்டம் கொட்டகைக் கூட்டம்தான். கொட்டகை போனதும் அவரு மார்க்கெட்டும் போச்சு. 1998-ல திருச்செந்தூர்ல நின்னு எம்.பி. ஆனாரு. 2012-ல 'மேதை', 2024-ல 'சாமானியன்'னு வந்து பாத்தாரு. பழைய மாதிரி பிடிக்கல. அண்ணன் வேஷம், அப்பா வேஷம்னு இறங்காம, நாயகனாத்தான் நடிப்பேன்னு நின்னுட்டாரு. அது பிடிவாதமா, மானமான்னு எங்க ஊரு டீக்கடையில இன்னும் வழக்கு முடியல.

அவரு நாயகனான அதே 1986-லதான் அம்பாசமுத்திரம் ஆராய்ச்சிப் பண்ணையில இருந்து அம்பை 16 நெல்லு வந்துச்சு. குண்டு அரிசி. நூத்திப் பத்து, நூத்திப் பதினஞ்சு நாள்ல அறுப்பு. கார் பருவத்துக்கு எங்களுக்கு அது தெய்வம். சன்ன அரிசிதான் வேணும்னு கேக்குற சந்தையில அதுக்கு மதிப்பு கொறைச்சல். அதுக்காக அம்பை 16 மட்டமான நெல்லுன்னு எந்தச் சம்சாரியாவது சொல்லுவானா? இட்லிக்குப் போட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

இனி எங்க மச்சானுக்காக 'பாபா'. 2002 ஆகஸ்ட்ல வந்துச்சு. கதை, திரைக்கதை, தயாரிப்பு எல்லாம் ரஜினி. 'அண்ணாமலை', 'பாட்ஷா' எடுத்த அதே சுரேஷ் கிருஷ்ணா இயக்கம். படம் தோத்துச்சு. வாங்கி வெளியிட்டவங்களுக்கு ரஜினி நஷ்டத்துல பங்கைத் திருப்பிக் கொடுத்தாரு. மூணு வருஷம் படமே இல்ல. ஆளு முடிஞ்சாருன்னு எழுதாத பத்திரிகை இல்ல. 2005-ல 'சந்திரமுகி' வந்து எல்லார் வாயையும் அடைச்சுது. 2022 டிசம்பர்ல பாபாவையே கொஞ்சம் வெட்டி ஒட்டி மறுபடி விட்டாங்க, ரசிகருங்க விசிலடிச்சுப் பாத்தாங்க. பாபா நல்ல படமான்னு கேட்டா, எனக்கு அப்பவும் பிடிக்கல, இப்பவும் பிடிக்கல. எல்லாத் தோத்த படமும் நல்ல படம்னு நான் சொல்ல வரல. ஆனா நஷ்டப்பட்டவனுக்குத் தன் பங்கைக் கொடுத்தாரு பாருங்க, அது நம்ம குத்தகைக் கணக்கு மாதிரி. வெளையாத வருஷம் நெலத்துக்காரனும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும். அப்பத்தான் அடுத்த வருஷம் ஏரு ஓடும்.

இப்ப மாமா கேள்விக்கு வர்றேன். வெளையாத வயல நல்ல வயல்னு சொல்லுவியாக்கும்னு கேட்டாரு. சொல்லுவேன் மாமா. தண்ணி வராம காஞ்ச வயலு ஒண்ணு. பருவம் தவறி நட்ட வயலு ஒண்ணு. சொத்தை வெதையைப் போட்டு, களையும் எடுக்காம விட்ட வயலு ஒண்ணு. களத்துல மூணுக்கும் பதருதான் மிஞ்சும். அதுக்காக மூணையும் ஒரே கணக்குல எழுதுறவன் சம்சாரி இல்ல, வட்டிக்காரன். பாகவதருக்குப் பருவம் தவறிச்சு. கப்பலோட்டிய தமிழனுக்குத் தண்ணி விட வேண்டிய நாமளே விடல. பாக்குறவன் மடையன், எதைக் கொடுத்தாலும் திம்பான்னு நெனச்சு எடுக்குற படம் இருக்கே, அதுதான் சொத்தை வெதை. அது நூறு நாள் ஓடினாலும் என் கணக்குல மோசம்தான். எட் வுட்டைக் கூட நான் அந்தப் பக்கம் சேர்க்க மாட்டேன். அவருக்குத் தெறமைதான் இல்ல, பாக்குறவனை ஏமாத்தணும்னு எண்ணம் இல்ல.

இதையெல்லாம் அடுத்த முறைத் தண்ணிக்குக் காத்திருக்கும்போது மாமாகிட்ட சொன்னேன். வெத்தலையை மென்னுக்கிட்டே முழுசாக் கேட்டாரு. அப்புறம் சொன்னாரு:

"பேச்சு எல்லாம் சரி. நீ அந்தப் படத்தைப் பாத்திருக்க. எங்கப்பா சொன்னதைக் கேட்டு நான் பேசிக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் பாத்ததில்ல."

"நீங்க போட்ட ஓட்டே செல்லாது மாமா. காசு கொடுத்துப் பாத்திருக்கணும்னுல்லா விதி!"ன்னு தம்பி கத்தினான்.

"உன் போன்ல இருக்காடே?"ன்னாரு மாமா.

பாயில போனைச் சாய்ச்சு வச்சோம். தவளைச் சத்தத்துல வசனம் பாதி கேக்கல. மாமா மூக்குக் கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தாரு. கப்பல் வாங்குன எடம் வரைக்கும் ஓடியிருக்கும், மடையில சலசலன்னு தண்ணி வந்துட்டு. எந்திரிச்சோம். மாமா மம்பட்டியைத் தோள்ல போட்டுட்டு ரெண்டு எட்டு நடந்தவரு, திரும்பிப் பாத்தாரு.

"நிறுத்தி வையி. பாக்கியை அடுத்த முறைக்குப் பாப்போம்."

செக்கு இன்னும் வரல. அடுத்த முறை வர எட்டு நாளு இருக்கு.